பன்றி எழுந்துவிட்டாள்

எங்கள் ஆற்றில் ஒரு பன்றி இருக்கிறாள். கல்தான். பழைய ரயில் பாலத்துக்குச் சற்றுக் கீழே, கரைக்கும் சரளைத் திட்டுக்கும் நடுவில், சினைப்பன்றி ஒருக்களித்துப் படுத்த மாதிரி கிடப்பாள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் மறைந்திருப்பாள். மார்ச் மாதம் அந்தக் கட்டிகள் உடைந்து, ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஈரி ஏரியைப் பார்க்கப் போன பிறகு, அவள் முதுகு வெளியே தெரியும். "பன்றி எழுந்துட்டா" என்று ஊரில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மீன் பருவம் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். தேவாலய வாசலில் பாதிரியார்கூட அப்படித்தான் சொல்வார்.

நான் தனூஸ். இரைக் கடை வைத்திருக்கிறேன். புழு, பொடிமீன், ஈயத் தலை வைத்த ஜிக் தூண்டில்கள், ஸ்டீல்ஹெட் மீனுக்கு வலைத்துணியில் கட்டிய மீன்முட்டைப் பொட்டலம், கொதிக்கக் கொதிக்கக் காப்பி. என் தாத்தா லெபனானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து பொத்தானும் சரிகையும் மூட்டை கட்டிப் பண்ணை பண்ணையாக விற்றவர். அப்பா டொலீடோவில் துணிக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் பேசும். ஆகவே தண்ணீர் நிலவரமும் ஒரு சரக்குதான் என்பது எனக்குத் தெரியும். கடை வாசல் பலகையில் சாக்பீஸால் தினமும் எழுதுவேன். ஆறு சாக்லேட் பால் மாதிரிச் சேறாக ஓடினால் "கொஞ்சம் நிறம் இருக்கிறது" என்று போடுவேன். கலங்கல் என்று எழுதிவிட்டால், கிளீவ்லாந்திலிருந்து வருகிறவன் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவான். என் புழுக்களை நானே தின்ன வேண்டியதுதான். ஆனால் பன்றி விஷயத்தில் மட்டும் நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

அவள்தான் எங்களுக்கு அளவு. முதுகு ஒரு சாண் வெளியே தெரிந்தால் திட்டுக்கு நடந்தே போய்விடலாம். தண்ணீர் தொடையைத் தாண்டாது. நாலு விரல் தெரிந்தால் யோசிக்க வேண்டும். முழுகிவிட்டால் கரையோடு நின்றுகொள்ள வேண்டும். திட்டுக்கு அந்தப் பக்கம்தான் பள்ளம். முட்டையிட ஏறி வரும் வால்ஐ மீன்கள் அங்கேதான் அடுக்கடுக்காக நிற்கும். ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்த ஸ்டீல்ஹெட்டும் அங்கேதான் மூச்சு வாங்கும். மேலே அணைப் பக்கம் அரசாங்கம் ஓர் அளவுமானி வைத்திருக்கிறது. எண்கள் எல்லார் போனிலும் வரும். ஒருவரும் பார்ப்பதில்லை.

"அளவுமானிய வெச்சவன் வாஷிங்டன்ல உக்காந்திருக்கான். பன்றி இங்க உக்காந்திருக்கா. நான் யார நம்பட்டும்?" என்பான் வெர்ஜில். தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, என் கடை ஹீட்டருக்குப் பக்கத்தில் குடியேறியவன் அவன்.

பன்றி எழுந்த சேதியை முதலில் கொண்டுவருகிறவனுக்கு அந்தப் பருவம் முழுக்கக் காப்பி இலவசம். இது என் கடை வழக்கம். வருஷா வருஷம் ஜெயிப்பது லியோ ஜப்லொன்ஸ்கிதான். பனிக்கட்டி உடைகிற அன்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரையில் போய் நிற்பான். கட்டிகள் உடைந்து போகும் சத்தம் அவனுக்குச் சங்கீதம். அது முடிந்ததும் நேராக என் கடைக்கு வந்து, குவளையைக் கல்லாவில் வைத்துத் தட்டுவான்.

இந்த வருஷம் சேதியைக் கொண்டுவந்தது வெர்ஜில். காப்பியைக் குடித்துவிட்டு, "ஒருவழியா அந்தப் போலந்துக்காரன் லியோவ முந்திட்டேன்யா" என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டான். நானும் சிரித்தேன்.

லியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆற்றங்கரையில் என்னோடு சரிக்குச் சரி பேரம் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஜிக் பொட்டலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ஈயத்துக்கா இந்த விலை? உள்ள தங்கம் கலந்து வெச்சிருக்கியா?" என்பான். "அத அங்க வெச்சிட்டுப் போ, அது துட்டு இருக்கிறவனுக்கு" என்பேன் நான். "துட்டு இருக்கிறவன் உன் கடைக்கு ஏன்டா வரான்?" என்பான். இப்படியே காப்பி ஆறிப் போகும்வரை ஓடும். கடைசியில் ஒரு டாலராவது குறைத்தால்தான் எடுப்பான். குறைக்காமல் விட்டால் அவமானம் அவனுக்கு இல்லை, எனக்கு என்பான். கண்ணாடித் தொழிற்சாலையை இலையுதிர்காலத்தில் மூடிய பிறகும் பேரம் மட்டும் நிற்கவில்லை. மற்ற பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் கடைக்கு வருவதே அபூர்வமாயிற்று.

மார்ச் கடைசியில் ஒரு காலை, விடிந்ததும் வந்தான். நெஞ்சு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பச்சை ஜிக் பொட்டலம் ஒன்றை எடுத்தான்.

"அத வை. அது துட்டு இருக்கிறவனுக்கு" என்றேன்.

அவன் விலைச்சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. நோட்டைக் கல்லாவில் வைத்தான். "மிச்சத்த நீயே வெச்சுக்க, தனூஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். கதவு சாத்திக்கொண்டது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், எனக்கு அப்போது ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து லியோ ஆற்றோடு போய்விட்டான். மறுநாள் கீழ்ப்பாலத்துத் தூண்களுக்கு இடையில் கிடைத்தான்.

கரையில் நின்று அதைப் பார்த்தவன் வெர்ஜில் மட்டும்தான். போலீஸாரிடம் சுருக்கமாகச் சொன்னான். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, என் கடையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் நான்கைந்து பேர் இருக்கும்போது விரிவாகச் சொன்னான்.

"பன்றி முதுகு ஒரு சாண் வெளிய இருந்துச்சு. நல்லா ஒரு சாண். அந்தத் தண்ணியில என் பொண்டாட்டியோட பொமரேனியன் குட்டி நடந்து போயிரும். இவன் முப்பது வருஷம் நடந்தவன்."

"கால் வழுக்கியிருக்கும்" என்றான் ஒருத்தன்.

"வழுக்கல. நான் பாத்துட்டே இருந்தேன். வழுக்கினவன் கைய ஆட்டுவான், கத்துவான், தூண்டில் குச்சிய விட்டுருவான். இவன் அப்படி எதுவும் பண்ணல. தண்ணி நெஞ்சுக்கு வந்துச்சு. நின்னான். திரும்புவான்னு நெனச்சேன். இன்னொரு அடி வெச்சான்." வெர்ஜில் குவளையைக் கீழே வைத்தான். "ஒரு சாண் தெரியிற தண்ணியில நெஞ்சளவு ஆழம் எங்க இருக்குன்னு தேடிப் போயிருக்கான், அவ்வளவுதான். வேல போன நாள்லேருந்து அவன் மூஞ்சி சரியில்ல. நாம யாரும் கேக்கல."

அப்போதுதான் கதவுப் பக்கம் பார்த்தேன். லியோவின் மனைவி டோரீன் நின்றுகொண்டிருந்தாள். கையில் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டு. அடக்கத்தன்று என் மனைவி கிப்பே என்ற கறிப் பலகாரம் செய்து அனுப்பிய தட்டு. கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"எவ்வளவு தெரிஞ்சுது, வெர்ஜில்?" என்று கேட்டாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கத்தில் வெர்ஜிலின் கை தானாக விரிந்தது. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை ஒரு சாண். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டான்.

டோரீன் தட்டைக் கல்லாவில் வைத்தாள். "உங்க சம்சாரத்துக்கு நன்றி சொல்லிருங்க" என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரையை நக்கிக்கொண்டு, மரத்தையும் கொட்டகைப் பலகையையும் உருட்டிக்கொண்டு பழுப்பாக ஓடியது. பலகையில் எழுத எனக்குப் பொய்யே அகப்படவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் போடுவார்கள். லியோதான் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நிற்பவன். இந்த வருஷம் அந்த இடத்தில் வேறொருவன் நின்றான். டோரீன் வந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். எல்லாரும் அவளிடம் அன்பாகத்தான் பேசினார்கள். அந்த அன்பில் ஒரு தயக்கம் இருந்தது. விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் இப்படிக் குரலைத் தாழ்த்திப் பேச மாட்டார்கள்.

என் மனைவி அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். "வேண்டிக்கிட்டு இருக்கோம்மா" என்றாள்.

"எதுக்குன்னு வேண்டிக்கிறீங்க?" என்று கேட்டாளாம் டோரீன். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "வழுக்கி விழுந்திருந்தா ஒரு மாதிரி வேண்டலாம். நடந்து போயிருந்தா வேற மாதிரி வேண்டணும். ராத்திரி முட்டி போட்டா எதுல ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

ஈஸ்டர் கழிந்து மழை விட்டது. ஆறு மெள்ள மெள்ள வற்றியது. பழுப்பு தெளிந்து, ஸ்டீல்ஹெட் ஆசாமிகள் கனவில் காணும் அந்தக் கண்ணாடிப் பச்சை வந்தது. தண்ணீரின் சூடு நாற்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது; வால்ஐ கூட்டம் கூட்டமாக ஏறியது. வாகனங்கள் பாலம்வரை நின்றன. இருபது வருஷத்தில் இவ்வளவு நல்ல தண்ணீரை நான் பார்த்ததில்லை. பொய்யே கலக்காமல் பலகை எழுதினேன்.

அன்றைக்கு டோரீன் கடைக்கு வந்தாள். "அவரு எந்த இடத்துல எறங்கினாருன்னு நான் பாக்கணும்" என்றாள். கடையை யாரிடமும் விட்டுப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. பூட்டிவிட்டேன். வெர்ஜிலும் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். சொன்ன வாய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தவிப்பு.

கரை நெடுக ஆட்கள் தோளோடு தோள் உரச நின்று, தூண்டில் நுனியைவிட்டுக் கண்ணெடுக்காமல் வீசிக்கொண்டிருந்தார்கள். டோரீனைக் கண்டதும் வழி விட்டார்கள். வெர்ஜில் கையை நீட்டி, "இங்கதான்… இப்படி எறங்கி, அப்படியே பன்றிக்கு மேல்பக்கமா…" என்று காட்டினான். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"தனூஸ். அந்த வளையத்தப் பாரு."

பன்றியின் அடிவயிற்றில், அந்தக் காலத்தில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டவர்கள் அடித்த ஓர் இரும்பு வளையம் உண்டு. பன்றியின் காம்பு என்போம். ஆகஸ்டில் ஆறு சுருங்கிக் கிடக்கும்போதுதான் அது தண்ணீர் மட்டத்தில் தெரியும். அது இப்போது தண்ணீருக்கு மேலே, ஒரு ஆள் கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லில் பழைய தண்ணீர்க் கறை கிடையாக இல்லை, செங்குத்தாக நின்றது. நாங்கள் முதுகு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது மூக்கு. பனிக்கட்டி அடியில் நெம்பித் தள்ளி, அவளைப் பின்னங்காலில் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் உயர்ந்தே இருந்ததால் நுனி மட்டும்தான் எங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த நுனி ஒரு சாண் தெரிந்தால், நடந்து போகிறவனுக்கு அங்கே தண்ணீர் தலைக்கு மேல்.

"அடப் பாவி" என்றான் வெர்ஜில். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். "பன்றி பொய் சொல்லிட்டா. டோரீன், பன்றி பொய் சொல்லிட்டா. அவன் சாணப் பாத்து நம்பி எறங்கியிருக்கான். நாங்க எவன் எறங்கியிருந்தாலும் இதேதான். நான் ஒரு நாக்குக் கெட்ட கெழவன், என்ன மன்னிச்சுக்க."

சேதி கரை நெடுகப் போயிற்று. ஒவ்வொருவராகத் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வந்து கல்லைப் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தன் டோரீனைக் கட்டிக்கொண்டு அழுதான். எல்லார் முகத்திலும் ஒரு பாரம் இறங்கிய வெளிச்சம். என் முகத்திலும் இருந்திருக்கும். நல்ல சரக்கு, சோதித்துப் பார்த்த சரக்கு, கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் மனக்குறை இல்லாத சரக்கு, அந்த விபத்துக் கதை. டோரீன் எல்லாருக்கும் தலையாட்டினாள். எல்லாருக்கும் நன்றி சொன்னாள்.

கடைக்குத் திரும்பியதும் டோரீனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, நானும் ஒன்று ஊற்றிக்கொண்டேன். அவள் குடிக்கவில்லை. குவளையைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பனிக்கட்டி ஒடஞ்ச அன்னிக்கு அவரு ஆத்துக்குப் போனாரு, தனூஸ்" என்றாள். "எப்பவும் போல. சாயந்திரம் வரைக்கும் நின்னுட்டு வந்தாரு. சாப்பிட உக்காந்தப்ப, 'பன்றி எழுந்துட்டா, டோரீன்'னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி காட்டிக்கொள்வது எங்கள் குடும்பத் தொழில்.

"எல்லாரும் சொல்றதுதான அது? நான் வருஷா வருஷம் பலகையில எழுதுறதுதான?"

"அதான் நானும் அன்னிக்கு நெனச்சேன்."

"அப்புறம் என்ன? பருவம் வந்துருச்சுன்னு சொல்லியிருக்கான். வேற என்ன அர்த்தம் அதுக்கு?"

"கல்லு எழுந்து உக்காந்தத நேர்ல பாத்தவரு வேற எப்படிச் சொல்வாரு? அந்தச் சாண் பொய்ன்னு அவருக்குத் தெரியும்."

"அவ்வளவு கட்டி மோதுறப்ப எது புரளுது, எது நிக்குதுன்னு கரையிலேருந்து தெரியாதும்மா. பொக மாதிரி இருக்கும்."

"நீங்க போய் நின்னு பாத்திருக்கீங்களா?"

நான் போய் நின்றதில்லை. ஒரு வருஷமும் போனதில்லை. கடையை யார் பார்ப்பது.

"சிரிச்சான்னு சொல்றீங்கல்ல?" என்றேன். விடவில்லை நான். வாங்குகிறவர் எழுந்துகொள்ளப் போகிறார் என்றால் இன்னொரு துணியை விரித்துப் போடச் சொல்லித் தந்திருந்தார் அப்பா. "சந்தோஷமா இருந்திருக்கான். பருவம் தொடங்குதேன்னு. சாகப் போறவன் சிரிப்பானா?"

"குளிர்காலம் முழுக்க அவரு சிரிக்கல, தனூஸ். நாங்க சாப்பாட்டு மேசையில கரண்டிச் சத்தத்தக் கேட்டுட்டு உக்காந்திருந்தோம். அன்னிக்குத்தான் சிரிச்சாரு. எனக்கும் சந்தோஷமாப் போச்சு. எழுந்து போய் இன்னும் கொஞ்சம் உருளைக்கெழங்கு எடுத்துட்டு வந்து வெச்சேன்." அவள் குவளையை ஒரு சுற்றுத் திருப்பினாள். "எதுக்குச் சிரிச்சாருன்னு கேட்டிருக்கலாம். கேக்கல."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கு லியோவின் குவளை நினைவுக்கு வந்தது. முதலில் சேதி சொல்கிறவனுக்குப் பருவம் முழுக்க இலவசம். எல்லாருக்கும் முன்னால் பார்த்தவன் அவன். பார்த்துவிட்டு என் கடை வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறான். உள்ளே வரவில்லை. கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்காமல் விடுகிற ஆள் இல்லை லியோ. இந்தப் பருவத்துக் காப்பி தனக்குத் தேவைப்படாது என்று கணக்குப் போட்டவன்தான் அப்படிப் போவான். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. திறந்த வாயைக் காப்பியால் அடைத்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பேரக்காரனோடு குடித்தனம் நடத்தியவள்.

"அன்னிக்குக் காலையில இங்கதான வந்தாரு?" என்றாள்.

"ஆமா."

"என்ன வாங்கினாரு?"

"ஜிக். பச்சை ஜிக்."

"பேரம் பேசினாரா?"

வெளியே யாரோ வண்டிக் கதவைச் சாத்தினார்கள். நான் யோசிக்கவில்லை. யோசித்தால் விலை போகாது என்று என் கைக்கும் நாக்குக்கும் தெரியும்.

"பேசாமயா? என் உயிர வாங்கிட்டான். ஈயத்துல தங்கம் இருக்கான்னான். துட்டு இருக்கிறவன் உன் கடைக்கு ஏன் வரான்னான். எப்பவும் போல."

"கடைசில எவ்வளவு கொறைச்சீங்க?"

"கால் டாலர்."

சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தாத்தா கல்லறையிலிருந்து எழுந்து வந்து கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பொய்யிலும் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறேன்.

டோரீன் குவளையைக் கல்லாவில் வைத்து, கைப்பிடி என் பக்கம் இருக்குமாறு திருப்பி வைத்தாள்.

"கால் டாலருக்கெல்லாம் லியோ ஒத்துக்கமாட்டாரு" என்றாள்.

கோட்டுப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நான் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். "ஒரு டாலர்" என்றேன் கண்ணாடியில் தட்டி. "ஞாபகம் வந்துருச்சு டோரீன், ஒரு டாலர், ஒரு டாலர் கொறைச்சேன்." அவள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். கரையில் எல்லாருக்கும் ஆட்டிய அதே தலையாட்டல். வண்டி போய்விட்டது.

ஆற்றிலிருந்து வெர்ஜில் வந்துகொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. "பயலுக வேற கல்ல புடிச்சிட்டானுக" என்றான். "பாலத்துக்கு அடியில, தட்டையா ஒண்ணு. அதோட முதுகு நனையாம இருந்தா திட்டுக்குப் போயிரலாமாம். பன்றிக்குட்டின்னு பேரும் வெச்சாச்சு. பலகையில போட்டுரு."

அவனுக்குப் பின்னாலேயே வெளியூர் ஆள் ஒருவன், கால்சட்டைப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தான். கிளீவ்லாந்து வண்டி.

"தண்ணி எப்படிங்க இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றேன். "இந்த வருஷம் மாதிரி தண்ணி வந்ததே இல்ல."

அவன் ஒரு பச்சை ஜிக் பொட்டலத்தை எடுத்தான். விலையைப் பார்த்தான். பேசாமல் நோட்டை நீட்டினான். "கொஞ்சம் பேரம் பேசுங்களேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, ஆற்றைப் பார்க்க நடந்தான்.